உப்புத் தண்ணீர் வீட்டில் மைக்ரோஃபைபர் துணி

மைக்ரோஃபைபர் துணி வாங்கிய புதிதில் அருமையாகத் துடைக்கும். இரண்டு மூன்று மாதம் போனதும் கண்ணாடியில் கோடு விழ ஆரம்பிக்கும். மேடையில் சிந்திய தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போகும். காய்ந்ததும் விறைத்து நிற்கும். போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் இது வழக்கமான புகார். துணி மட்டம் என்று தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பாக்கெட்டை வாங்குகிறோம். முக்கால்வாசி நேரம் துணியில் கோளாறு இருப்பதில்லை, துவைக்கிற விதத்தில்தான் இருக்கிறது.

ஏன் என்று புரிய, துணி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாலியெஸ்டரையும் நைலானையும் சேர்த்து ஒரே இழையாக நூற்கிறார்கள். பொதுவாக 80 பங்கு பாலியெஸ்டர், 20 பங்கு நைலான். உயர்ந்த ரகத்தில் 70க்கு 30. அந்த இழையைக் குறுக்கே வெட்டிப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆரஞ்சுச் சுளைகளை அடுக்கியது போலிருக்கும். நெய்த பிறகு காரமும் சூடும் கொடுத்து அந்தச் சுளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு இழை பத்துப் பதினாறு ஆப்புகளாகப் பிளந்து, நடுவில் எண்ணற்ற இடுக்குகள் உண்டாகின்றன. 9000 மீட்டர் நீள இழை 1 கிராமுக்கும் குறைவாக எடை இருந்தாலே அது மைக்ரோஃபைபர் கணக்கில் வரும். பிளந்த இழை அதைவிடப் பல மடங்கு மெல்லியது. 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ இத்தகைய மிக நுண்ணிய இழையை உருவாக்கியபோது அது போலித் தோல் துணி செய்யத்தான் போனது. துடைக்கும் துணியாக வீட்டுக்குள் வந்தது அதற்கு வெகு காலம் கழித்து.

துடைக்கிற வேலையைச் செய்வது இந்த இடுக்குகள்தான். தண்ணீர் அதற்குள் தானாக ஏறுகிறது, தூசி உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது. இடுக்கு அடைபட்டால் கையில் இருப்பது வெறும் பாலியெஸ்டர் துண்டு. அடைப்பது எது எது என்று பார்த்தால் உப்பு, சோப்புப் பிசுக்கு, கம்ஃபர்ட் மாதிரியான துணி மென்மையாக்கி, எண்ணெய், பருத்திப் பஞ்சு. இவை அத்தனையும் நம் வீட்டுத் துவைக்கிற இடத்திலேயே இருக்கின்றன.

வாங்கும்போதே பாதிப் பிரச்சினையைத் தவிர்க்கலாம். மலிவான பாக்கெட்டுகளில் பிளக்காத இழைத் துணிகளும் வருகின்றன. பார்வைக்குப் பூப்போல இருக்கும், ஆனால் உறிஞ்சாது. லேபிளில் 100 சதவீதம் பாலியெஸ்டர் என்று இருந்தால் பெரும்பாலும் அது அந்த ரகம். கடையில் சோதிக்க எளிய வழி, உள்ளங்கையின் காய்ந்த, சொரசொரப்பான பகுதியில் துணியை மெதுவாக இழுத்துப் பார்ப்பது. பிளந்த இழை தோலின் சின்னச் சின்ன வெடிப்புகளில் கொக்கி மாதிரி பிடிக்கும். சிலருக்கு அந்த உணர்வே கூசும். பிளக்காதது வழுக்கிக்கொண்டு போய்விடும். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சோதனை. டைல்ஸில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, துணியை விரித்தபடி அதன் மேல் தள்ளுங்கள். நல்ல துணி போகிற வழியிலேயே தண்ணீரைக் குடித்துவிடும். மட்டமான துணி அலையாக முன்னால் தள்ளும். ஆனால் புதுத் துணியில் ஆலையில் போட்ட பூச்சு மிச்சமிருக்கலாம், அதனால் ஒரு தடவை துவைத்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். சமையலறைத் தராசு இருந்தால் இதைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். 40 செ.மீ.க்கு 40 செ.மீ. துணி என்றால் பரப்பு 0.16 சதுர மீட்டர். 340 ஜிஎஸ்எம் என்று விற்றால் அது சுமார் 54 கிராம் இருக்க வேண்டும். 40 கிராம்தான் காட்டுகிறதென்றால் உண்மையில் அது 250 ஜிஎஸ்எம். 250 மோசம் என்றில்லை, கண்ணாடிக்கு அதுவே நல்லது. 340-க்கான காசு கொடுத்து வாங்கியதுதான் வயிற்றெரிச்சல். வீட்டுப் பொது வேலைக்கு 300 முதல் 350 வரை சரியாக இருக்கும். 500-க்கு மேல் உள்ள தடித்த ரகம் கழுவிய காரை உலர்த்தத்தான் லாயக்கு. அதைச் சமையலறையில் போட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவே காயாது, இரண்டாம் நாளே ஊசிய வாடை வரும். டிவி, மூக்குக் கண்ணாடிக்கு மேற்பரப்பில் நூல் வளையம் இல்லாத, வழவழப்பான மெல்லிய ரகம் தனியாக வேண்டும்.

இனி துவைப்பது. இதில்தான் பெரும்பாலும் கெடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) தண்ணீரின் கடினத்தன்மைக்கு, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகளுக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600-ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. 200-க்கு மேலே போனாலே சோப்பு நுரைக்க அடம்பிடிக்கும். கையடக்க டிடிஎஸ் மீட்டர் காட்டுவது கடினத்தன்மையை அல்ல, கரைந்த எல்லா உப்புகளின் கூட்டை. ஆனாலும் குழாயில் வெள்ளைப் பொருக்கு படிகிறதா, பக்கெட்டின் உட்புறம் சொரசொரக்கிறதா என்று பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

அந்தத் தண்ணீரில் கட்டி சோப்பைத் துணி மேல் தேய்த்தால் என்ன ஆகும்? உண்மையான சோப்பாக இருந்தால், அதிலுள்ள கொழுப்பமிலம் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறும். பாத்ரூம் சுவரில் படியும் அதே வெள்ளைப் படிவு, இப்போது இழைகளுக்கு நடுவே. டிடர்ஜென்ட் கட்டியாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அவற்றில் பலவற்றில் நிரப்புப் பொருளாகச் சுண்ணாம்புக்கல் தூளும் களிமண் தூளும் கலந்திருக்கும். வேட்டி சட்டையில் அது அலசினால் போய்விடும். மைக்ரோஃபைபரில் தேய்த்தால் கல்தூளை இடுக்குக்குள் திணிக்கிறோம். சலவைத் தூளில் உள்ள சோடாவும் கடின நீரில் சுண்ணாம்பாக இறங்கும். ஆகவே இந்தத் துணிகளுக்குத் திரவ டிடர்ஜென்ட் மட்டும். நாலைந்து துணிக்கு, 4 லிட்டர் தண்ணீரில் 2 டீஸ்பூன் தாராளம். கூடப் போட்டால் அழுக்கு கூடப் போகாது, அலசத்தான் இன்னும் இரண்டு பக்கெட் பிடிக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் எண்ணெய் சுலபமாக விடும். 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். இழை உருகுவதற்கு இருநூறு டிகிரிக்கு மேல் வேண்டும் என்றாலும், முடியை விடப் பல மடங்கு மெல்லிய இழை அதற்கு வெகு முன்பே சுருண்டு மொத்தையாகும். தெர்மாமீட்டர் தேவையில்லை: கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் நம்மூர் வெயிலில் 50 டிகிரியை ஒட்டி வரும். அதில் இருபது நிமிடம் ஊறவைத்து, இரண்டு கையாலும் அமுக்கி அமுக்கி விட்டு, மூன்று முறை அலசுங்கள். பிரஷ் போடக் கூடாது, கல்லில் அடிக்கக் கூடாது.

மெஷினில் போட்டால் தனியாகப் போட வேண்டும், அல்லது வலைப்பையில். துண்டு, போர்வையோடு சேர்த்துப் போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதையும் இது வாரிக்கொள்ளும். அடுத்த நாள் கண்ணாடி துடைக்கும்போது அந்தப் பஞ்சு கண்ணாடியில் ஒட்டும். துணி மென்மையாக்கி ஒரு சொட்டும் வேண்டாம். துணி மென்மையாவதற்குக் காரணமே அது இழை மேல் மெழுகு போன்ற படலம் போடுவதுதான், அந்தப் படலம் தண்ணீரை அண்டவிடாது. மெஷினின் மென்மையாக்கிப் பெட்டியில் முந்தைய சலவையின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். குளோரின் ப்ளீச்சும் ப்ளீச்சிங் பவுடரும் நைலானை அரிக்கும். மஞ்சளாகி, பிறகு பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தால் காரணம் அதுதான். இஸ்திரி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நிழலில், காற்றோட்டத்தில் காயவையுங்கள். நைலானுக்கு வெயில் ஆகாது. சாலையைப் பார்த்த பால்கனிக் கொடியும் சரிப்படாது. காய்வதற்குள் தெருத் தூசியைத் துடைத்து வைத்திருக்கும்.

ஏற்கெனவே அடைத்துப்போன துணியையும் பெரும்பாலும் மீட்கலாம். அடைத்திருக்கிறதா என்று அறிய, காய்ந்த துணியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போனால் நலம். முத்தாக நின்றால் சிகிச்சை வேண்டும். முதலில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன், மூன்று லிட்டர் வெந்நீர், அரை மணி நேரம்: இது எண்ணெய்க்கு. நன்றாக அலசிய பிறகு, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரில் இன்னொரு அரை மணி. மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும். சுண்ணாம்பு இருந்தால் சின்னக் குமிழிகள் எழும்பும். இந்த வரிசையை மாற்றாதீர்கள், எண்ணெய் மூடியிருந்தால் அமிலம் சுண்ணாம்பைத் தொடாது. அமிலத்தோடும் நிறுத்தக் கூடாது. சோப்புப் பிசுக்கை அமிலம் உடைக்கும்போது கொழுப்பமிலம் வெளியே வந்து துணியிலேயே தங்கும். அதனால் கடைசியாக மறுபடி கொஞ்சம் திரவ டிடர்ஜென்ட், அலசல். இது மாதம் ஒருமுறை செய்தால் போதும். டாய்லெட் ஆசிட்டைப் போட்டால் சீக்கிரம் முடியுமே என்று தோன்றலாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைலானைக் கரைக்கும். எந்த அமிலத்தையும் ப்ளீச்சோடு கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் அருமையானது. காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவதால் அதில் உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. வடிகட்டி ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டால் கண்ணாடி துடைக்கவும் அதுவே போதும், தனி லிக்விட் வேண்டாம். இதற்கு நேரெதிர் ஆர்.ஓ. கழிவு நீர். வடிகட்டியில் ஒதுக்கிய உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. வீணாக்காமல் தரை துடைக்கப் பயன்படுத்துகிறோம் என்று செய்து, பிறகு கறுப்பு டைல்ஸில் வெள்ளைத் திட்டு ஏன் என்று மாப்பைத் திட்டுகிறவர்கள் ஏராளம். அதை டாய்லெட்டில் ஊற்றுங்கள்.

துடைக்கும்போது நடக்கும் பெரிய தவறு, துணியைத் தொப்பலாக நனைப்பது. இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்திருந்தால் அழுக்கு எங்கே போகும்? துணியின் கால் பங்கை மட்டும் நனைத்து, மொத்தத்தையும் சுருட்டி முறுக்கிப் பிழிந்தால் ஈரம் சீராகப் பரவி, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரியும். அந்த அளவு போதும். வெறும் தூசிக்கு அதுவும் வேண்டாம், உலர்ந்த துணியே பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று மடிப்பு. துணியை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் உள்ளங்கை அகலத்தில் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானதும் திருப்ப வேண்டும், எட்டும் முடிந்ததும் அடுத்த துணி. சுருட்டிப் பந்தாகப் பிடித்துத் துடைத்தால் எங்கே எடுத்த அழுக்கை எங்கே பூசுகிறோம் என்று தெரியாது.

சீலிங் ஃபேனுக்கு இந்த எட்டு முகக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தும். மூன்று இறக்கை, மேலும் கீழுமாக ஆறு முகம். மிச்சம் இரண்டு முகம் மோட்டார் மூடிக்கும் கம்பிக்கும். சுவிட்சை மட்டுமல்ல, மெயின் பெட்டியில் உள்ள எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு ஏறுங்கள். முதலில் உலர்ந்த துணியால் மேல்பக்கத் தூசியை எடுத்துவிட வேண்டும். ஈரத் துணியை நேராக வைத்தால் அது சேறாகிச் சுவரில் தெறிக்கும். பிறகு ஒரு லிட்டர் வெந்நீரில் அரை டீஸ்பூன் பாத்திர லிக்விட் கலந்து, பிழிந்த துணியால் நடுவிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு. இன்னொரு கை இறக்கையின் அடியில் தாங்கியிருக்க வேண்டும். தாங்காமல் அழுத்தினால் இறக்கை லேசாக வளையும், அதன் பிறகு ஃபேன் ஆடிக்கொண்டேதான் சுற்றும். சமையலறைக்குப் பக்கத்து ஃபேனில் தூசியோடு எண்ணெயும் சேர்ந்து பசையாக இருக்கும். அதற்கு ஈரத் துணியை இறக்கையில் ஐந்து நிமிடம் போர்த்தி வைத்து ஊறிய பிறகு இழுங்கள்.

கண்ணாடிக்கு இரண்டு துணி வேண்டும். ஈரத் துணியால் அழுக்கை எடுத்து, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வெயில் அடிக்கிற ஜன்னலைத் துடைத்தால் இரண்டாவது துணி வருவதற்குள் தண்ணீர் காய்ந்து உப்பு உட்கார்ந்துவிடும். காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஷவர் கண்ணாடியிலும் குழாயிலும் கெட்டிப்பட்ட வெள்ளைப் பொருக்கை எந்தத் துணியும் எடுக்காது, விளம்பரம் என்ன சொன்னாலும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் லெமன் சால்ட் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடப்பா கல்லோ மார்பிளோ பக்கத்தில் இருந்தால் மட்டும் கவனம். இரண்டும் சுண்ணாம்புக்கல் குடும்பம், எலுமிச்சம்பழச் சாறு பட்டால்கூட மெருகு அரித்து வெளுத்த தழும்பு விழும். கிரானைட் அந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அடுப்பு மேடையில் கொட்டிக் கிடக்கிற எண்ணெயை நேராக மைக்ரோஃபைபரில் எடுக்காதீர்கள். பாலியெஸ்டருக்கு எண்ணெயை மிகவும் பிடிக்கும், பிடித்ததை விடாது. பழைய செய்தித்தாளாலோ கரித்துணியாலோ முதலில் ஒற்றி எடுத்துவிட்டு, மிச்சப் பிசுபிசுப்புக்கு இதை எடுங்கள். அடுப்பு ஆறியிருக்க வேண்டும். சூடான பர்னர் தட்டில் பட்டால் துணி உருகித் தட்டில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மஞ்சள் கறை பட்டால் நைலான் அதைச் சாயமாகவே ஏற்றுக்கொள்ளும். துணிக்குக் கேடில்லை, அப்படியே விட்டுவிடலாம்.

பழைய வேட்டித் துணிக்கு இன்னும் வேலை இருக்கிறது. சூடான பாத்திரம் இறக்குவது, குத்துவிளக்கின் எண்ணெய் துடைப்பது, பித்தளைக்குப் பவுடர் போட்டுத் தேய்ப்பது எல்லாம் பருத்தியில்தான் நடக்க வேண்டும். பாலிஷ் பவுடர் மைக்ரோஃபைபருக்குள் போனால் திரும்ப வராது. மறந்துபோய் அதே துணியை டிவியில் வைத்தால் கீறல் நிச்சயம். கீறல் விஷயத்தில் குற்றவாளி துணி அல்ல, அது பிடித்து வைத்திருக்கிற மணல். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கும் முன் குழாயில் காட்டிக் கழுவச் சொல்வது இதனால்தான். கார் துடைக்கும் துணி தரையில் விழுந்தால், துவைத்தாலும் அதைப் பெயிண்ட் மேல் மறுபடி வைக்காதீர்கள். தைத்திருக்கும் லேபிளை முதல் நாளே வெட்டிவிடுவது நல்லது. மேட் ரக சுவர்ப் பெயிண்டை அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும், பிறகு முழுச் சுவருக்கும் பெயிண்ட் அடித்தால்தான் போகும்.

நிறம் பிரித்து வைப்பதை ஹோட்டல், மருத்துவமனைத் துப்புரவுப் பணியில் கட்டாயமாகவே கடைப்பிடிக்கிறார்கள். பரவலான முறையில் சிவப்பு டாய்லெட்டுக்கு, மஞ்சள் வாஷ்பேசினுக்கு, பச்சை சமையலறைக்கு, நீலம் மற்ற அறைகளுக்கு. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் ஒரே தடவை சொன்னால் நினைவிருக்கும். சிவப்பை மற்றவற்றோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. சாயம் போகும் என்பது சின்ன காரணம்.

துணி கீழிறங்கலாம், மேலேறக் கூடாது. கண்ணாடிக்கு உதவாதது பொது வேலைக்கு, அங்கிருந்து பாத்ரூமுக்கு, பிறகு பைக் செயினுக்கு. இறக்கி விட்டதன் மூலையை ஒரு வெட்டு வெட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சிகிச்சை முடிந்தும் தண்ணீர்ச் சொட்டு முத்தாகவே நின்றால், உள்ளங்கையில் பிடிப்பே இல்லாமல் வழுக்கினால், அதன் காலம் முடிந்தது.

ஒவ்வொரு சலவையிலும் இந்தத் துணி பிளாஸ்டிக் துகள்களைத் தண்ணீரில் விடுகிறது. கடலில் நேரடியாகச் சேரும் நுண்பிளாஸ்டிக்கில் சுமார் 35 சதவீதம் செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதால் வருவது என்று 2017-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டது. தூசி மட்டும் துடைத்த துணியைத் தினமும் துவைக்க வேண்டியதில்லை, வெளியே கொண்டுபோய் உதறினால் இரண்டு மூன்று நாள் ஓடும். மெஷின் வடிகட்டியில் சேரும் பஞ்சைச் சிங்க்கில் கழுவி விடாமல் குப்பையில் போடுங்கள். போகிக்குப் பழைய துணியோடு இதையும் சேர்த்து எரிக்கக் கூடாது, எரிவது துணியல்ல பிளாஸ்டிக். உலர் குப்பைப் பையில்தான் இது போக வேண்டும், செயின் எண்ணெய் ஊறியதாக இருந்தால் காகிதத்தில் சுற்றித் தனியாக.